வாத்துக் குஞ்சு கோழிக் குஞ்சு அல்ல

வாத்துக் குஞ்சும் கோழிக் குஞ்சும் ஒன்றுதான், அலகு மட்டும்தான் வேறு என்று ஒருவர் எழுதுகிறார். ஒரு வேளாண் மாத இதழ் அதை நான்கு பக்கத்துக்கு வண்ணப் படங்களோடு அச்சிடுகிறது. பையன் ஒருவன் அதைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறான். அந்த அம்மா அதில் சொன்னபடியே செய்கிறார். பதினோராம் நாள், முந்நூறு குஞ்சில் எண்பதுக்கு மேல் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கின்றன. இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்த எண்பது குஞ்சுகள்தான் காரணம்.

இதழின் பெயரையும் கட்டுரையாளரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எனக்கு ஆள்மீது வழக்கில்லை. அவர் எழுதியதன்மீது இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவம் பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து வாத்துக் கிடைகளோடு கழிந்தது. அந்த நான்கு பக்கத்தில் குஞ்சின் முதல் மூன்று வாரம் பற்றி அவர் சொல்லியிருப்பதில் ஒன்றைத் தவிர எல்லாமே தவறு. சில தவறுகள் நஷ்டத்தோடு போகும். சில தவறுகள் கிடையையே அழிக்கும்.

முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பொன்னேரிப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய ஓலைக் கொட்டகை. நெல் உமி பரப்பி, மூங்கில் தட்டியை வட்டமாக நிறுத்தி, நடுவில் இரண்டு குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கவும் இல்லை, தட்டியோரம் ஒதுங்கி வாய் பிளக்கவும் இல்லை. சூடு சரியாக இருந்தது. அந்த அம்மாவுக்கு வேலை தெரியும். அவர் தீவனத் தட்டைத் தட்டியதும் நல்ல குஞ்சுகள் ஓடி வந்தன. மற்றவையும் வரப் பார்த்தன. முட்டியைத் தரையில் ஊன்றி, முளைக்காத இறக்கையைத் துடுப்பு மாதிரி அடித்து, ஒரு சாண் நகர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தன. விழுந்த இடத்திலிருந்தே தட்டைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக் கத்தின. பசி இருக்கிறது, கண்ணில் தெளிவு இருக்கிறது, கால் மட்டும் இல்லை.

ஒன்றைக் கையில் எடுத்தேன். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. கீழ்க்கால் எலும்பு வில்லாக வளைந்திருந்தது. முட்டிக்குப் பின்னால் ஓடும் தசைநாரை விரலால் தடவிப் பார்த்தேன். அது தன் பள்ளத்திலேயே இருந்தது, நழுவவில்லை. மாங்கனீசுக் குறைவால் வரும் கால் கோணலில் அந்த நார் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியிருக்கும். இது அது இல்லை.

“என்னம்மா குடுக்குறீங்க?”

“நொய்யி சார். கூடக் கொஞ்சம் கோழித் தீவனம். வேற எதுவும் வேணாம்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குன்னு எம்மவன் படிச்சான்.”

“முன்னெல்லாம் என்ன போடுவீங்க?”

“மாமியா இருந்தப்ப நத்த ஒடச்சிப் போடுவாங்க சார். கருவாட்ட இடிச்சிப் போடுவாங்க. அதெல்லாம் போட்டா நோய் வரும்னு எழுதியிருக்காங்களாம்.”

எழுதியிருந்தது. அன்று மாலை அந்த இதழை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் முழுவதும் படித்தேன்.

கட்டுரையாளரின் மையமான வாதம் இதுதான்: கோழிக் குஞ்சுத் தீவனமும் நொய்யும் கொடுத்தால் வாத்துக் குஞ்சுக்குப் போதும், வாத்துக்கென்று தனியாக ஊட்டச்சத்து எதுவும் இல்லை. இதை அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று தேடினேன். ‘அனுபவம்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட பறவைகளின் ஊட்டத் தேவை அட்டவணையை உலகம் முழுவதும் தீவனக் கணக்குப் போடுகிறவர்கள் புரட்டுகிறார்கள். நியாசின் என்ற ஒரு வைட்டமினை மட்டும் அதில் பாருங்கள். தீவனம் ஒரு கிலோவுக்கு முட்டைக் கோழிக் குஞ்சுக்கு 27 மில்லிகிராம் வேண்டும். பிராய்லர் குஞ்சுக்கு 35. வாத்துக் குஞ்சுக்கு 55. ஒன்றுக்கு இரண்டு மடங்கு என்ற அளவில் வித்தியாசம் இருக்கும்போது அலகு மட்டும்தான் வேறு என்று எப்படி எழுத முடிகிறது?

இந்த வித்தியாசம் வந்ததற்குக் காரணம் உண்டு. உயிரினங்கள் நியாசினைத் தீவனத்திலிருந்து மட்டும் பெறுவதில்லை. புரதத்தில் இருக்கும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலுக்குள்ளேயே கொஞ்சம் செய்துகொள்ளும். கோழி இதை ஓரளவு நன்றாகச் செய்கிறது. வாத்தின் கல்லீரலில் ஒரு நொதி மிகுதியாக இருக்கிறது. நியாசினாக மாற வேண்டிய பொருளை அது பாதி வழியிலேயே வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. ஆகவே கோழிக் குஞ்சு புரதத்தை வைத்துச் சமாளித்துக்கொள்ளும் இடத்தில் வாத்துக் குஞ்சால் முடியாது. அதற்கு நியாசின் நியாசினாகவே வாய்வழி போக வேண்டும். அதோடு, வாத்துக் குஞ்சு வளரும் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டே வாரத்தில் அது கைக்குள் அடங்காது. உடம்பு ஓடுகிறது, எலும்பு பின்தங்குகிறது, கால் வளைகிறது. அந்தக் கொட்டகையில் நான் கையில் வைத்திருந்தது இதைத்தான்.

இந்த இடத்தில் கட்டுரையாளர் தன் கைச்சரக்கில் வலுவானதாக நினைக்கும் ஒன்றை எடுத்து வைக்கிறார். அரிசித் தவிட்டில் நியாசின் ஏராளமாக இருக்கிறது, ஒரு பிடி தவிடு கலந்தால் கணக்குத் தீர்ந்தது என்கிறார். தவிட்டில் நியாசின் இருப்பது உண்மை. ஆய்வகத்தில் கொடுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் என்று சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் அவர் வாதாடுகிறார். தானியத்திலும் தவிட்டிலும் இருக்கும் நியாசினில் பெரும்பகுதி மாவுப்பொருளோடு பிணைந்து பூட்டிக் கிடக்கிறது. அமிலம் ஊற்றிக் காய்ச்சும் ஆய்வகத்துக்கு அந்தப் பூட்டு திறக்கும். ஒரு வாரக் குஞ்சின் குடலுக்குத் திறக்காது.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த நுணுக்கமும் அல்ல. மனிதர்களே இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். மக்காச்சோளமே உணவாக இருந்த நாடுகளில் தோல் வெடித்து, வயிறு போய், புத்தி கலங்கி மக்கள் செத்தார்கள். பெல்லக்ரா என்று அதற்குப் பெயர். அதே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தின்ற மெக்சிகோ மக்களுக்கு அந்த நோய் இல்லை. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் தக்காணத்துச் சோளம் தின்ற ஏழைகளிடம் அதே நோய் இருந்தது. ஐதராபாத்தில் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இலேயே அதைப் பற்றி எழுதினார்கள். தானியத்தை மட்டும் நம்பினால் இந்தச் சத்து கிடைக்காது என்பது அறுபது, எழுபது வருடத்துப் பாடம். தீவனம் பற்றி ஊருக்கு உபதேசம் செய்ய வருகிறவர் அதைப் படித்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் முன்னோரைத் துணைக்கு அழைக்கிறார். நம் பாட்டன் காலத்தில் ஈஸ்ட் ஏது, வைட்டமின் ஏது, குஞ்சு பிழைக்கவில்லையா என்று கேட்கிறார். கேள்வி நல்ல கேள்விதான். பதிலை அவர் வாத்துக்காரர்களிடம் கேட்டிருக்க வேண்டும். பாட்டன் காலத்துக் குஞ்சு தட்டிக்குள் கிடந்து நொய் தின்று வளரவில்லை. வாத்து பெரும்பாலும் அடை உட்காராது என்பதால் நாட்டுக் கோழியின் அடியில் முட்டை வைத்துப் பொரித்தார்கள். பொரித்த சில நாளிலேயே அந்தக் கோழி குஞ்சுகளைக் கொல்லையில் மேயவிட்டுவிடும். ஈசல், புழு, மண்ணாங்கட்டியைப் புரட்டினால் கிடைக்கும் பூச்சி, வரப்போரத்துச் சிறு நத்தை, வாய்க்காலில் பாசி என்று அவை தின்றன. கொட்டகையில் வைத்து வளர்த்தவர்கள் நத்தை உடைத்துப் போட்டார்கள், கருவாடு இடித்துப் போட்டார்கள். அவை எல்லாம் குஞ்சின் குடல் உடனே எடுத்துக்கொள்ளும் நியாசின். பாட்டிமார்களுக்கு அந்தச் சொல் தெரியாது. குஞ்சு காலூன்றி நிற்க என்ன போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

கட்டுரையாளர் செய்தது என்ன? பாட்டனின் பெயரைச் சொல்லிக்கொண்டே பாட்டி போட்ட நத்தையையும் கருவாட்டையும் ‘நோய் பரப்பும் அசுத்தம்’ என்று நீக்கிவிட்டார். மிச்சம் நொய் மட்டும்தான். அதற்கு ‘மரபு வழித் தீவனம்’ என்று பெயர் வைத்துவிட்டார். நம் மரபில் அப்படி ஒரு தீவனமே கிடையாது. அந்த அம்மாவின் மாமியாருக்குத் தெரிந்திருந்ததை மருமகளிடமிருந்து பிடுங்கிவிட்டு, அதையே மரபு என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். இந்தக் கட்டுரையில் என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான். தெரியாமல் எழுதுவது ஒன்று. தெரிந்தவர்களின் அறிவை அழித்துவிட்டு எழுதுவது வேறு.

நத்தையில் ஒட்டுண்ணி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி வேகவைத்துப் போடுவது. தூக்கி எறிவது அல்ல.

வைட்டமின், ஈஸ்ட் என்று பேசுகிறவர்கள் தீவன கம்பெனிகளின் ஆட்கள் என்றும் ஒரு பத்தியில் சொல்கிறார். எந்தக் கம்பெனி? எங்கள் பக்கத்துக் கிராமக் கடைகளில் வாத்துக் குஞ்சுத் தீவனம் என்று கேட்டால் கோழித் தீவனத்தை எடுத்துக் காட்டுவார்கள். வாத்துக்கென்று மூட்டை வருவதே அரிது. கோழித் தீவனமே போதும் என்று எழுதியவர் அவர்தான். அதே கம்பெனி மூட்டையை வாங்கச் சொல்லிவிட்டு அடுத்தவனைக் கம்பெனி ஆள் என்கிறார். நான் சொல்கிற வழிக்கு எந்த லேபிளும் தேவையில்லை. நூறு கிலோ பிராய்லர் ஸ்டார்ட்டரில் ஐந்து கிலோ ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்தால் போதும். மதுவடிப்பில் மிஞ்சியதைக் காயவைத்த ஈஸ்ட் அது, ரொட்டிக்கடை ஈஸ்ட் அல்ல. அதில் கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் நியாசின் இருக்கிறது. கணக்குப் போட்டால் கலவை 55ஐத் தொட்டுவிடும். முட்டைக் கோழிக் குஞ்சுத் தீவனமானால் ஏழு கிலோ வேண்டும். அதுவும் முடியாதவர் வேகவைத்த நத்தையும் உப்புக் கழுவிய கருவாட்டுத் தூளும் போடட்டும். உப்பைக் கழுவுவது முக்கியம், குஞ்சு உப்பைத் தாங்காது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சில பிராய்லர் ஸ்டார்ட்டர்களில் கம்பெனிகள் நியாசினைத் தேவைக்கு மேலேயே சேர்க்கின்றன. அதைத் தின்ற வாத்துக் குஞ்சு தப்பிவிடும். கட்டுரையாளரின் ‘அனுபவம்’ அப்படிப்பட்ட மூட்டையில் கிடைத்ததாக இருக்கலாம். ஆனால் அதே மூட்டையோடு பாதிக்குப் பாதி நொய்யைக் கலந்தால் அந்தச் சேமிப்பும் நீர்த்துப்போகும். அவர் கலக்கச் சொன்னது அதைவிட அதிகம்.

கால் விழுந்த குஞ்சைப் பற்றி அவர் எழுதியிருக்கும் வரியை என்னால் மறக்க முடியவில்லை. அது ‘வம்சக் கோளாறு’, கழித்துக்கட்டிவிட வேண்டும் என்கிறார். பொன்னேரியில் நாங்கள் கழித்துக்கட்டவில்லை. குடிநீரில் நியாசின் கலந்தோம், தீவனத்தை மாற்றினோம். மூன்றாம் நாள் காலையிலேயே சில குஞ்சுகள் முட்டியிலிருந்து எழுந்து இரண்டு காலில் நின்றன, நடுங்கிக்கொண்டே. பத்து நாளில் ஐம்பதுக்கு மேல் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டன. எலும்பு முழுதாக வளைந்துபோனவை மட்டும் தேறவில்லை. இன்னும் ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் அவற்றையும் காப்பாற்றியிருக்கலாம். வம்சக் கோளாறு மூன்று நாளில் எழுந்து நிற்குமா?

தண்ணீரைப் பற்றியும் முதல் நாளைப் பற்றியும் அவர் சொன்னதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு இருக்கிறது, மூன்று நாளைக்குத் தீவனமும் தண்ணீரும் வேண்டாம் என்கிறார். அந்த மஞ்சள் கரு இருப்பதால்தான் பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்ப முடிகிறது. உயிர் தாங்கும், அவ்வளவுதான். தீவனம் உள்ளே போனால்தான் குடல் வேலை செய்யத் தொடங்கி, மீதி மஞ்சள் கருவும் விரைவாகச் செரிக்கும். பட்டினி கிடக்கும் குஞ்சின் வயிற்றில் அது அப்படியே தங்கும். பெட்டி இறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகு தீவனம். தண்ணீர்த் தட்டு குஞ்சு மூழ்காத ஆழமாக இருக்க வேண்டும், ஆனால் அலகும் மூக்குத் துளையும் முங்கும் அளவு வேண்டும். காய்ந்த மாவுத் தீவனம் அலகில் பசையாக ஒட்டி மூக்கை அடைத்துவிடும், அதைக் கழுவிக்கொள்ளாவிட்டால் தீவனம் பக்கமே போகாது. தண்ணீர் இல்லாமல் மாவை விழுங்கி, தொண்டையில் அடைத்துச் செத்த குஞ்சுகளை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

நீர்ப்பறவைதானே என்று முதல் நாளே குட்டையில் விடச் சொல்லும் யோசனைக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரத்தில் 30 டிகிரிக்கு மேல் சூடு தேவைப்படும் குஞ்சு அது. மிஷினில் பொரித்து, தாய் அணைப்பு இல்லாத குஞ்சின் மயிர் நனைந்து ஊறும். ஊறினால் விறைத்துச் சாகும்.

இனி, இந்தக் கட்டுரையிலேயே மிகவும் ஆபத்தான பத்திக்கு வருகிறேன். நான் இதைத் தபாலில் ஒரு திருத்தமாக அனுப்பாமல் கட்டுரையாக எழுதுவது இதற்காகத்தான். புரதம் வேண்டுமென்றால் கடலைப் புண்ணாக்கு போடுங்கள், பழைய புண்ணாக்கு விலை குறைவு, லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தால் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார். வாத்துக் குஞ்சுக்கு இதைவிடக் கொடிய ஆலோசனையைத் தேடிப் பிடித்தாலும் கிடைக்காது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் ‘எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிக்கொண்டு போனவர்கள் கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை கக்கிய நஞ்சுதான் கொன்றது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் அஃப்ளாடாக்சின் என்ற சொல்லே உருவானது. அதன் பிறகு, ஒரு தீவனத்தில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சுக்குக் கொடுத்து, அதன் கல்லீரலை எடுத்துப் பார்த்தார்கள். அவ்வளவு சிறிய அளவுக்கும் ஈடுகொடுக்க முடியாத உயிர் அதுதான் என்பதால் அதையே அளவுகோலாக்கினார்கள். 50 கிராம் எடையுள்ள குஞ்சுகளில் பாதியைக் கொல்ல அஃப்ளாடாக்சின் பி1 என்ற வகையில் சுமார் 18 மைக்ரோகிராம் போதும். ஒரு மில்லிகிராமை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட வராது. கோழிக் குஞ்சு இதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். கோழிக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அந்த அனுபவம் வாத்துக் குஞ்சுக்கு உதவாது.

கொதிக்கவைத்தால்? பூஞ்சை சாகும். அது கக்கிவிட்டுப் போன நஞ்சு சாகாது. கொதிநீரின் சூடு அதை ஒன்றும் செய்யாது. வேகவைத்த புண்ணாக்கு வாசனை போய், பூசணம் கரைந்து, பார்க்க நன்றாக இருக்கும். குஞ்சு ஆசையாகத் தின்னும். நஞ்சு அப்படியே உள்ளே போகும். மனிதர்களுக்கும் இதே கதைதான். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மஞ்சள் காமாலை கண்டு இறந்தார்கள். அவர்களும் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதத்தில், உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிடையில் ஒரே இரவில் நூற்றுச் சொச்சம் குஞ்சு செத்திருந்தது. தீவனம் வைத்திருந்த மூலைக்குப் போனேன். சாக்கைத் தரையில், சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். சுவர் ஈரம். மேலே இருந்த புண்ணாக்கு நன்றாகத்தான் இருந்தது. கையை உள்ளே விட்டு அடிப்பக்கத்துக் கட்டி ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே மஞ்சளும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. கையில் ஒட்டியது. செத்த குஞ்சு ஒன்றைத் திறந்தேன். ஆரோக்கியமான குஞ்சின் கல்லீரல் செம்பழுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். இது வீங்கி, வெளிறி, களிமண் நிறத்தில் இருந்தது. அந்த வாத்துக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விலை குறைவு என்று வாங்கியது சார் என்று மட்டும் சொன்னார். அவரை அப்போது யாரும் எழுதி ஏமாற்றவில்லை, தானாக ஏமாந்தார். இப்போது அச்சில் போட்டு ஏமாற்றுகிறார்கள்.

தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு, காலை உதைத்துச் சாகும் குஞ்சைப் பற்றிக் கட்டுரையாளர் உறுதியாக ஒரு தீர்ப்பு சொல்கிறார்: அது வைரஸ் நோய், தீவனத்தைக் குறை சொல்வது வீண். வாத்துக் குஞ்சின் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. 1949இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் லெவினும் ஃபாப்ரிகன்ட்டும் அதை முதலில் கண்டு சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை மணிக்கணக்கில் வாரிக்கொண்டு போகும், சாகும் குஞ்சு தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டுதான் கிடக்கும். அவர் அதைப் படித்திருக்கிறார். ஆனால் பூஞ்சை நஞ்சு கடுமையாக ஏறிய வாத்துக் குஞ்சும் அதே மாதிரி வலிப்பு வந்து, அதே மாதிரி தலையை வளைத்துத்தான் சாகும் என்பதைப் படிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. குஞ்சை அறுத்துப் பார்க்க வேண்டும். வைரஸில் கல்லீரல் வீங்கி, மேலெல்லாம் இரத்தம் கசிந்த புள்ளியாகத் தெரியும். அதிலும் சந்தேகம் வந்தால் ஆய்வகம்தான் முடிவு சொல்ல வேண்டும். பார்த்தவுடன் வைரஸ் என்று முத்திரை குத்திவிட்டால் என்ன ஆகும்? நஞ்சுச் சாக்கு மூலையில் அப்படியே இருக்கும். மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்கு மறுநாளும் அதிலிருந்தே அள்ளிப் போடுவார்கள்.

தொடக்கத்தில் ஒன்றைத் தவிர என்று சொன்னேன். அந்த ஒன்று இது: முதல் நாளிலிருந்தே குடிநீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கத்தை அவர் கண்டித்திருக்கிறார். அது சரி. நானும் அதையே சொல்கிறேன். சத்துக் குறைவையும் பூஞ்சை நஞ்சையும் எந்த ஆன்டிபயாடிக்கும் தீர்க்காது.

அந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. சம்பா அறுவடை முடிந்த வயலில் கிடையை இறக்க வேண்டுமென்று ஐப்பசி, கார்த்திகையிலேயே குஞ்சு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கித்தான் எடுக்கிறார்கள். உங்கள் இதழை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுகிறார்கள், அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று அவர்கள் நம்புகிறார்கள். பழைய புண்ணாக்கைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம் என்ற வரியை மறுத்து, அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். நியாசின் கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த ஒரு வரி மட்டும் காத்திருக்கக் கூடாது.

வாத்துக்காரர்களுக்கு: சாக்கைத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் வையுங்கள், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். இன்றே ஒருமுறை அடிப்பக்கம் கை விட்டுப் பாருங்கள். கட்டி தட்டியிருந்தால் அந்தச் சாக்கைக் குஞ்சுக்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.